என் கச்சேரியின் காணொளியை நானே பார்ப்பது: எப்போது, எப்படி, எதற்காக?

கேள்வி (வாய்ப்பாட்டுக் கலைஞர், சென்னை)

அனைவருக்கும் வணக்கம். நான் எட்டு ஆண்டுகளாகக் கச்சேரி செய்துவரும் கர்நாடக சங்கீத வாய்ப்பாட்டுக் கலைஞர். சென்ற மார்கழியில் ஒரு சபாவில் பகல் 12 மணிக்கு எனக்கு ஒன்றரை மணி நேரக் கச்சேரி அமைந்தது. காம்போஜியைப் பிரதானமாக எடுத்துக்கொண்டு, ராகம் (சொல்லில்லாத ஆலாபனை), கிருதி, நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாக விரிப்பது), ஸ்வரம் என்று விரிவாகப் பாடி, தனி (மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம்) விட்டு, இரண்டு துக்கடாக்களுடன் (சிறு உருப்படிகளுடன்) மங்களம் பாடி முடித்தேன். மேடையை விட்டு இறங்கும்போது மனம் நிறைந்திருந்தது. ராகம் பாடிய 14 நிமிடமும் ஒரே மூச்சில் ஓடியதுபோல் இருந்தது. சரணத்தில் ஒரு சங்கதியை (வரியை மாற்றி அழகுபடுத்திப் பாடும் ஒரு வகையை) தவறவிட்டுவிட்டேன் என்ற வருத்தம் மட்டும் வீடு வந்து சேரும் வரை உடன் வந்தது.

அன்றிரவே என் தம்பி கடைசி வரிசையிலிருந்து கைப்பேசியில் எடுத்த காணொளியை அனுப்பினான். சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் அதைப் பார்க்க உட்கார்ந்தேன். ராகம் தொடங்கிய ஆறாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். தாரஸ்தாயிக்கு (மேல்ஸ்தாயிக்கு) போகும்போதெல்லாம் என் கழுத்து மேலே தூக்கி இடப்பக்கமாகச் சாய்கிறது. கண்களை இறுக மூடிக்கொள்கிறேன். குரல் மெலிந்து, யாரோ வேறொருவருடையது போல் கேட்கிறது. ஒரே ஓட்டமாகப் பாடியதாக நான் நம்பிய ராகம், இடையிடையே வெற்று இடைவெளிகளுடன் துண்டு துண்டாக நிற்கிறது. அதைவிட என்னைக் குழப்பியது இன்னொன்று. மறுநாள் சரணத்தை மட்டும் தேடிக் கேட்டபோது, தவறவிட்டதாக எண்ணி வருந்திய அந்தச் சங்கதி சரியாகவே விழுந்திருந்தது. அப்படியானால் மேடையில் நான் எதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்ற கேள்வி எழுந்தது.

கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்றையும் வைத்துப் பார்த்தேன். நான் கார்வை கொடுத்து (நீட்டி) நின்ற காந்தாரம் ('க' ஸ்வரம்) ஒவ்வொரு முறையும் சற்றுக் குறைவாக இருப்பதாகவே அது காட்டியது. அதற்குப் பிறகு வந்த கச்சேரியில் பாட்டில் மனம் ஒன்றவே இல்லை. கழுத்து சாய்கிறதா, காந்தாரம் இறங்குகிறதா என்று என்னையே வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு பாடினேன். பக்கத்தில் வயலின் வாசித்தவர் என்ன வாசித்தார் என்பது எனக்கு நினைவில் இல்லை.

பதிவைப் பார்க்காமல் இருந்தால் குறை தெரியாது. பார்த்தால் அடுத்த கச்சேரி கெடுகிறது. மேடை அனுபவம் உள்ளவர்கள் உங்கள் பதிவுகளை எப்போது கேட்கிறீர்கள், எதைக் கவனிக்கிறீர்கள், கேட்டதை மேடைக்குக் கொண்டுபோகாமல் இருப்பது எப்படி என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (வாய்ப்பாட்டுக் கலைஞர், 30 ஆண்டு மேடை அனுபவம்)

நீங்கள் எழுதியிருப்பதில் மிக முக்கியமான வரி, தவறாக நினைத்த சங்கதி சரியாக இருந்தது என்பதுதான். மேடையில் நமக்கு இருக்கும் நினைவு பாட்டைப் பற்றியது என்று எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது நம் பதற்றத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. இதைக் கண்டுகொள்ள எனக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. அதன் பிறகு நான் பழக்கிக்கொண்ட முறையைச் சொல்கிறேன்.

கச்சேரி முடிந்த இரவில் பதிவைத் தொடுவதில்லை. அதற்குப் பதிலாக, ஒரு நோட்டில் ஒவ்வொரு உருப்படிக்கும் இரண்டு வரி எழுதுவேன்: எந்த இடம் நன்றாக வந்ததாகத் தோன்றியது, எந்த இடம் இடறியது, எந்த இடத்தில் பக்கவாத்தியக்காரர் என்ன செய்தார் என்று. பிறகு குறைந்தது பத்து நாள் இடைவெளி. அதற்குள் பாட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் நம் உடம்பில் இருந்த பரபரப்பு அடங்கிவிடும். முதல் முறை கேட்கும்போது ஒலியை மட்டும், நிறுத்தாமல், கையில் வீட்டு வேலை ஏதாவது வைத்துக்கொண்டு, வேறு யாரோ பாடுவதைக் கேட்பதுபோல் முழுக் கச்சேரியையும் கேட்பேன். இரண்டாம் முறைதான் நோட்டைத் திறந்து, நான் எழுதியதையும் காதில் விழுவதையும் ஒப்பிடுவேன். முதல் சில ஆண்டுகள் அந்த இரண்டும் பாதிக்குப் பாதி கூடப் பொருந்தவில்லை. இப்போது ஓரளவு பொருந்துகிறது. பதிவால் எனக்குக் கிடைத்த பெரிய பயன் இதுவே என்று நினைக்கிறேன்: மேடையில் இருக்கும்போதே என் காது முன்பைவிட உண்மையாகக் கேட்கிறது.

பதிவு மட்டுமே காட்டக்கூடிய குறை ஒன்று உண்டு. தோடி எனக்கு நன்றாக வரும் என்று நானும் நினைத்தேன், மற்றவர்களும் சொன்னார்கள். ஒருமுறை ஐந்து ஆண்டுகளில் வெவ்வேறு ஊர்களில் பாடிய ஐந்து தோடிகளை ஒரே நாளில் அடுத்தடுத்துக் கேட்டேன். ஐந்திலும் இரண்டாவது நிமிடத்துக்குள் காந்தாரத்துக்கு வந்துவிடுகிறேன்; அங்கே ஒரே பிடியை (ராகத்துக்குரிய ஸ்வரத்தொடரை) மூன்று முறை பாடுகிறேன்; பிறகு ஏறும் வழியும் ஒன்றே. அந்தந்த ஊரில் கேட்டவர்களுக்கு இது தெரிய வழியில்லை. ஏனென்றால் அவர்கள் ஒரு தோடியைத்தான் கேட்டார்கள். அடுத்த ஓராண்டு வீட்டில் தோடியை தைவதத்திலிருந்தும் ('த') மந்தரஸ்தாயி (கீழ்ஸ்தாயி) நிஷாதத்திலிருந்தும் ('நி') மட்டுமே தொடங்கிப் பாடிப் பழகினேன்.

இன்னொன்றைச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு பதிவில் என் குரலை விட்டுவிட்டு வயலினை மட்டும் பின்தொடர்ந்து கேட்டேன். ஸ்வரம் பாடும்போது அவர் எனக்குக் கொடுத்த பதில்கள் ஒவ்வொன்றும் அழகாக இருந்தன. அவற்றில் நான்கைந்து இடங்களில், அவர் கார்வையை முடிப்பதற்குள் நான் அடுத்த ஆவர்த்தனத்துக்குள் (தாளச் சுற்றுக்குள்) நுழைந்து அதை மூடியிருக்கிறேன். மேடையில் அது எனக்கு உற்சாகமாகத் தோன்றியது. பதிவில் அது மரியாதைக் குறைவாக ஒலித்தது. மறுநாளே அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அன்று முதல் எந்தப் பதிவிலும் முதலில் பக்கவாத்தியத்தைத்தான் கேட்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். வயலின்காரர் என்ன வாசித்தார் என்பது நினைவில் இல்லை என்றீர்களே, அங்கிருந்து தொடங்குங்கள். நம் குரலை முதலில் கேட்கத் தொடங்கினால் அதை விட்டு வெளியே வரவே முடிவதில்லை.

காணொளியைக் கடைசியாக, ஒலியை முழுவதும் அடக்கிவிட்டுப் பாருங்கள். அங்கசேஷ்டை (பாடும்போது உடம்பு காட்டும் அசைவு) பற்றிய கவலை நம் காலத்தில் கேமராவோடு வந்தது அல்ல. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தை பாடும்போது புருவம் ஏறவில்லை, கண் ஆடவில்லை, மிடறு விம்மவில்லை, பல் தோன்றவில்லை என்றும், இவள்தான் வாய் திறந்து பாடினாளா, வீணைதான் பேசியதா என்று கேட்டவர்கள் மயங்கினார்கள் என்றும் புலவர் சொல்கிறார். 13-ஆம் நூற்றாண்டில் 'சங்கீத ரத்னாகரம்' எழுதிய சார்ங்கதேவர் பாடகர்களின் குற்றங்களாக 25 வகைகளை எண்ணும்போது கண்ணை மூடிப் பாடுவதையும் கழுத்தை வளைத்துப் பாடுவதையும் அவற்றில் சேர்த்திருக்கிறார். ஆனால் கண்ணை மூடுவதை நான் குற்றமாகக் கொள்ள மாட்டேன்; நம் பெரியவர்கள் பலர் அப்படித்தான் பாடினார்கள். கழுத்து வேறு. தாரஸ்தாயியில் கழுத்து மேலே தூக்கினால், அங்கே மூச்சு போதாமல் தொண்டையால் எட்டுகிறோம் என்று பொருள். காலையில் அகார சாதகம் ('ஆ' என்று பாடும் பயிற்சி) செய்யும்போது, மேல் ஷட்ஜத்தில் ('ஸ') முகவாய் தாழ்ந்திருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். மேடையில் அதை நினைக்கவே வேண்டாம். வீட்டில் மூன்று மாதம் செய்தது மேடைக்குத் தானே வந்து சேரும்.

மறுமொழி 2 (மிருதங்கக் கலைஞர், திருச்சி)

மேலே அம்மா சொன்னதை ஒட்டி, தாளத்தின் பக்கமிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

பதிவிலிருந்து ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்துகொள்ளக்கூடியது காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம். கையில் நிறுத்துகடிகாரம் இருந்தால் போதும். ஆதி தாள உருப்படியின் பல்லவி தொடக்கத்தில் பத்து ஆவர்த்தனங்களை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நிரவல் தொடங்கும் இடத்தில் ஒரு பத்து, ஸ்வரம் முடியும் இடத்தில் ஒரு பத்து, தனி முடிந்து பல்லவியை மீண்டும் எடுக்கும் இடத்தில் கிடைக்கும் இரண்டு மூன்று. எட்டு அட்சரம் (தாளத்தின் எண்ணிக்கை) கொண்ட ஒரு ஆவர்த்தனம் எட்டு விநாடியில் தொடங்கினால் பத்து ஆவர்த்தனத்துக்கு 80 விநாடி ஆகவேண்டும். ஸ்வரம் முடியும்போது அது 76 ஆக இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். கச்சேரியின் சூடு அந்த அளவுக்குக் காலத்தை முன்னே தள்ளும், கேட்பவர்களும் கூடவே நகர்ந்துவிடுவார்கள். 65-க்கு வந்துவிட்டால், நிமிடத்துக்கு 60 அட்சரமாக இருந்தது 74 ஆகிவிட்டது என்று பொருள். அங்கே சாகித்தியத்தின் சொற்கள் நெரிபடும், கமகங்கள் பாதியில் அறுபடும். அந்தக் கிருதிக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த காலம் கையை விட்டுப் போய்விட்டது.

இதை நான் எனக்காகவே அளக்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு பாடகருக்குப் பல ஆண்டுகள் வாசித்தேன். அவர் ஸ்வரம் பாடும்போது காலத்தை ஓட்டுகிறார் என்பது என் தீர்மானமான எண்ணம். நண்பர்களிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன். ஒருநாள் எங்கள் கச்சேரி ஒன்றின் பதிவை ஆவர்த்தனம் ஆவர்த்தனமாக அளந்தபோது, அவர் பாடும் ஆவர்த்தனங்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. அவர் நிறுத்தி, வயலின் பதில் வாசித்து, நான் முத்தாய்ப்பாக ஒரு தீர்மானம் (முடிப்புச் சொற்கட்டு) வைக்கும் இடங்களில்தான் காலம் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகக் கூடியிருந்தது. அதாவது ஓட்டியவன் நான். அவர் ஒவ்வொரு முறையும் நான் கொண்டுபோய் விட்ட காலத்திலிருந்து தொடங்க வேண்டியவராக இருந்திருக்கிறார். அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். பதிவு இல்லாவிட்டால் அந்தத் தவறான குற்றச்சாட்டை இன்றும் சுமந்துகொண்டிருப்பேன்.

ஓர் எச்சரிக்கை. கடைசி வரிசையிலிருந்து எடுத்த காணொளியைப் பார்த்து, தாளம் போடும் கையும் பாட்டும் பொருந்தவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் செல்லும். மேடைக்கும் கேமராவுக்கும் 17 மீட்டர் இருந்தால், கை தொடையில் விழும் காட்சி வந்து சேர்ந்து ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு கழித்துத்தான் ஒலி வரும். நிமிடத்துக்கு 75 அட்சரக் காலத்தில், ஒரு அட்சரத்துக்கு நான்கு ஸ்வரம் வீதம் பாடினால், ஒரு ஸ்வரத்துக்குக் கிடைப்பது விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான்; அதில் கால் பங்கு இந்தத் தாமதத்திலேயே போய்விடுகிறது. கோர்வை (ஸ்வரக் கணக்கின் முடிப்பு) எடுப்பில் (பாட்டு தொடங்கும் இடத்தில்) சரியாக விழுந்ததா என்பதைக் காதால் மட்டும் தீர்மானியுங்கள்.

மறுமொழி 3 (ஒலிப்பதிவாளர், சென்னை)

நான் பாடுகிறவன் இல்லை. சபாக்களில் கச்சேரிகளைப் பதிவு செய்வது என் தொழில். கேள்வி கேட்ட சகோதரி தன்னைப் பற்றி எடுத்திருக்கும் முடிவுகளில் பாதியாவது அந்தக் கைப்பேசியைப் பற்றியவை என்று எனக்குத் தோன்றுவதால் எழுதுகிறேன்.

குரல் யாரோ ஒருவருடையது போல் கேட்கிறது என்பது எல்லோருக்கும் நேர்வது. நாம் பாடும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி, மண்டை எலும்புகளின் வழியாகவும் உட்செவிக்குப் போகிறது. எலும்பு வழியாகத் தாழ்ந்த அதிர்வுகள் நன்றாகச் செல்வதால், நம் குரல் நமக்குக் கனமாகவும் நிறைவாகவும் கேட்கிறது. பதிவில் காற்று வழி வந்தது மட்டுமே இருக்கிறது. உங்கள் ரசிகர்கள் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டு வந்தது அந்தக் குரலைத்தான். அவர்களுக்கு அதில் புதுமை ஒன்றுமில்லை.

அடுத்து, அந்த இடைவெளிகள். பெரும்பாலான கைப்பேசிகள் ஒலியின் அளவைத் தாமாகவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் உரக்கப் பாடினால் அதை அமுக்கும். நீங்கள் நிறுத்தியதும் உடனே அளவைக் கூட்டாமல் சற்றுத் தாமதித்தே கூட்டும். அதனால் நீங்கள் ஒரு பிடியை முடித்த மறுகணம் வயலின்காரர் அதை எடுத்து நீட்டும் இடம் பதிவில் மெல்லிய ஒலியாகவோ வெறுமையாகவோ தெரியும். நீங்கள் குரலைக் குறைத்து இழைத்துப் பாடிய இடமும் முழுக் குரலில் பாடிய இடமும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிடும். ராகம் பாடுவதன் உயிரே அந்த ஏற்ற இறக்கத்தில் இருக்கும்போது, இப்படிப்பட்ட பதிவைக் கொண்டு ராகத்தை எடைபோடுவது சரியாகாது.

ஒலி மிக்ஸரிலிருந்து நேரடியாக எடுக்கும் பதிவிலும் வேறு வகைக் குறை உண்டு. சிறிய அரங்கில் மிருதங்கத்தின் ஒலி ஒலிபெருக்கி இல்லாமலே கேட்பவர்களுக்குப் போய்ச் சேர்வதால், அதை மிக்ஸரில் குறைத்தே வைப்போம். அந்தப் பதிவைக் கேட்கும் மிருதங்கக்காரர் தன் தொப்பி (மிருதங்கத்தின் இடப்பக்கம்) கேட்கவே இல்லை என்று வருந்துவார். அரங்கில் இருந்தவர்களுக்கு நன்றாகவே கேட்டிருக்கும். முடிந்தால் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவியை நான்காவது ஐந்தாவது வரிசையில், நடுவில், தாங்கியில் வைக்கச் சொல்லுங்கள். அளவைத் தானாக மாற்றும் வசதியை அணைத்துவிட்டு, உங்கள் மிக உரத்த இடம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாதபடி முன்கூட்டியே சரிசெய்து, அப்படியே விட்டுவிட வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் சுருக்காமல் பதிந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிகாபைட்தான் ஆகும்.

கடைசியாக, காந்தாரம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் இந்தச் செயலிகளை நம்பி நல்ல சுருதி ஞானம் உள்ளவர்கள் தங்களைச் சந்தேகிப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். நீங்கள் ஐந்து கட்டை சுருதியில் பாடுவதாக வைத்துக்கொண்டால், உங்கள் ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். தம்புராவின் மந்தர ஷட்ஜத் தந்தி 98 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதனுள்ளேயே அதன் ஐந்து மடங்கான 490 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கிறது. நல்ல தம்புராவில் யாரும் மீட்டாமலே காந்தாரம் கேட்கிறது என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அதன் நேர் பாதியான 245 ஹெர்ட்ஸில் உங்கள் அந்தர காந்தாரம் நின்றால் அது தம்புராவுக்குள் கரைந்துவிடும். கீபோர்டின் சம இடைவெளிக் கட்டைகளை அளவுகோலாகக் கொண்ட செயலியோ, காந்தாரம் 246.9 ஹெர்ட்ஸில் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கும். ஆகவே, தம்புராவோடு முற்றும் இழைந்த காந்தாரத்தை அது 14 சென்ட் குறைவு என்று காட்டும் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ளது 100 சென்ட்). பஞ்சமத்தில் இந்த வேறுபாடு இரண்டு சென்ட் மட்டுமே; அதனால் அங்கே செயலி உங்களைக் குறை சொல்லியிருக்காது. உங்கள் காந்தாரம் எவ்வளவு குறைவாகக் காட்டியது என்று பாருங்கள். 14-ஐ ஒட்டி இருந்தால் உங்கள் காது சரியாகவே இருக்கிறது. 30, 40 என்று இருந்தால் உங்கள் குருவிடம் காட்டுங்கள்.

மறுமொழி 4 (சங்கீத ஆசிரியர், தஞ்சாவூர்)

எல்லோரும் பயனுள்ளவற்றைச் சொல்லியிருக்கிறார்கள். ஆயினும் என் கருத்து சற்று மாறுபடுகிறது.

78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பாட முடியும். அந்தக் காலத்து வித்வான்கள் அதற்கென்று ராகத்தைச் சுருக்கிப் பாடினார்கள்; கச்சேரியில் விரித்துப் பாடினார்கள். இரண்டும் வேறு என்பது அவர்களுக்கும் கேட்பவர்களுக்கும் தெரிந்திருந்தது. 1938-இல் சென்னையிலும் அடுத்த ஆண்டு திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையம் வந்த பிறகு வீடு வீடாகச் சங்கீதம் கேட்டது. ஆனால் நேரடியாக ஒலிபரப்பான கச்சேரியை ஊரெல்லாம் கேட்டபோது, கேட்க முடியாமல் இருந்தவர் பாடியவர் ஒருவர்தான். இன்று நாம் போற்றிக் கேட்கும் பழைய கச்சேரிப் பதிவுகளில் பல, ரசிகர்கள் தங்கள் ஆசைக்காக ஸ்பூல் நாடாவில் எடுத்து வைத்தவை. தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு பெரும்பாலோருக்கு இல்லாத காலத்திலும் சங்கீதம் இந்த உயரத்தில் இருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மூத்த வித்வானின் தலையசைப்பும், பக்கவாத்தியக்காரர் மறுநாள் சொல்லும் ஒரு சொல்லும், குருவின் மௌனமும் அந்த வேலையைச் செய்தன.

என்னிடம் கற்ற பிள்ளை ஒருவன் பாடிய கல்யாணி இணையத்தில் பலராலும் பார்க்கப்பட்டது. அவனும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். அடுத்த ஓராண்டில் அவன் பாடிய கல்யாணிகள் எல்லாம் அந்த ஒரு கல்யாணியின் நகல்களாக இருந்தன. எந்த இடத்தில் கைதட்டல் வந்ததோ அந்த இடத்தை நோக்கியே ராகம் நகர்ந்தது. குறையைப் பார்ப்பதைவிடத் தன் நிறையைப் பார்ப்பது அதிகம் கெடுக்கும் என்று அப்போதுதான் உணர்ந்தேன். எனவே, நன்றாக அமைந்த கச்சேரியின் பதிவை எடுத்து வையுங்கள், கேட்காதீர்கள். மனோதர்மம் (மேடையில் கற்பனையாக விரித்துப் பாடுவது) அந்த நேரத்தில் பிறப்பது. முன்பு பிறந்ததை மனப்பாடமாக வைத்திருப்பவரிடம் அது வரத் தயங்கும்.

முதல் மறுமொழியில் அம்மையார் சொன்ன தோடி பற்றியும் ஒரு சொல். ஐந்து கச்சேரியிலும் காந்தாரத்தில் ஒரே பிடி வந்தது குறை என்று நான் எண்ணவில்லை. ராகத்தின் பிடிகள் நமக்கு வழிவழியாக வந்தவை. தோடி கேட்க வந்தவர் அந்தக் காந்தாரத்துக்காகத்தான் காத்திருக்கிறார்.

மறுமொழி 1-ஐ எழுதியவர்

ஐயா, பிடி வழிவழியாக வந்தது என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். அந்தக் காந்தாரத்தை இன்றும் பாடுகிறேன். ஆனால் அது ராகம் கேட்டதால் வந்ததா, வேறு வழி தெரியாததால் வந்ததா என்பது எனக்குள் வேறுபடுகிறது. அந்த ஐந்து பதிவுகளில் அது வேறு வழி தெரியாததால்தான் வந்திருந்தது. நன்றாக அமைந்ததைக் கேட்காதீர்கள் என்று நீங்கள் சொன்னதை நான் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. என்னிடமும் அப்படி ஒரு பைரவி இருக்கிறது. அதைக் கேட்பதை இன்றோடு நிறுத்துகிறேன்.

கேள்வி கேட்டவர் (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

பெரியவர்கள் அனைவருக்கும் நன்றி. சொன்னவற்றில் முடிந்ததைச் செய்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

முதலில் செயலியைத் திறந்தேன். என் காந்தாரம் 12 முதல் 17 சென்ட் வரை குறைவாகக் காட்டியிருந்தது. பஞ்சமம் எங்கும் மூன்றைத் தாண்டவில்லை. தம்புராவை மட்டும் போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் காந்தாரத்திலேயே நின்று பாடிப் பார்த்தேன். பிறகு அந்தச் செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டேன்.

காலப்பிரமாணத்தை அளந்தேன். தொடக்கத்தில் பத்து ஆவர்த்தனத்துக்கு 84 விநாடி. நிரவல் தொடங்கும்போது 82. ஸ்வரத்தின் முடிவில் 71. இந்தக் குறையை நான் சந்தேகிக்கவே இல்லை. கழுத்தையும் காந்தாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் உண்மையான குறை வேறிடத்தில் இருந்திருக்கிறது. திருச்சி ஐயா சொன்னபடி, ஓட்டியது யார் என்று ஆவர்த்தனம் ஆவர்த்தனமாகப் பார்த்தேன். நான்தான். மேல்காலத்தில் ஸ்வரம் பாடிவிட்டுக் கீழ்க்காலத்துக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் பழைய காலத்துக்கு வராமல், சற்று முன்னே வந்து நிற்கிறேன். இப்போது தினமும் ஒரு வர்ணத்தை, இரண்டு காலத்துக்கும் மாறி மாறிப் போய், கடிகாரத்தை வைத்துப் பாடுகிறேன்.

அந்தச் சபாவில் ஒலிப்பதிவு செய்தவரிடம் கேட்டு, அரங்கின் நடுவில் வைத்த கருவியில் பதிந்ததை வாங்கினேன். நேற்று காலை, என் குரலை விட்டுவிட்டு வயலினை மட்டும் பின்தொடர்ந்து கேட்டேன். வெற்று இடைவெளிகள் என்று நான் அழுததெல்லாம் அவர் என் பிடிகளை எடுத்து நீட்டி, முடித்துக்கொடுத்த இடங்கள். ராகத்தின் ஒன்பதாவது நிமிடத்தில், தைவதத்தில் நான் விட்ட கார்வையை எடுத்து, அவர் நிஷாதத்தைத் தொட்டும் தொடாமலும் பஞ்சமத்துக்கு இறங்குகிறார். அவ்வளவு அழகான ஓர் இறக்கம் என் பக்கத்தில், ஓர் எட்டு தூரத்தில் நடந்திருக்கிறது. நான் அதைக் கேட்கவில்லை.

நேற்று மாலை அவரை அழைத்து அதைச் சொன்னேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, அந்தக் கச்சேரியைத் தானும் இதுவரை கேட்கவில்லை என்றும், கேட்கத் துணிவு வரவில்லை என்றும் சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் இருவரும் சேர்ந்து கேட்பதாக இருக்கிறோம். மிருதங்கம் வாசித்தவரையும் அழைத்திருக்கிறேன்.